அச்சில் சாயம் இல்லை

ஐயா, எகிப்தின் ஃபுஸ்தாத்தில் கிடைத்த இடைக்காலத் துணிகளைப் படத்தில் பார்த்தேன். நீலத்தில் வெள்ளைப் பூ. அந்த வெள்ளைச் சாயம் எது? அவை நம் பக்கம் செய்தவையா? பர்கூரில் காடா (வெளுக்காத துணி) எடுத்து வைத்திருக்கிறேன். கடுக்காய்க்கும் புளியங்கொட்டைக்கும் இங்கே பஞ்சமில்லை. நானே அச்சடித்துப் பார்க்க ஆசை.
– ச., போச்சம்பள்ளி

அன்புள்ள தம்பி,

நம் பக்கமா என்பதை விடுங்கள். அவை குஜராத் சரக்கு. ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் மட்டும் 1,200 துண்டுகளுக்கு மேல் இருக்கின்றன.

"வெள்ளைச் சாயம்" என்றீர்களே, அதுதான் உறுத்துகிறது. அப்படி ஒன்று கிடையாது. வெள்ளை என்பது சாயம் ஏறாத வெறும் துணி. மெழுகையோ, சுண்ணாம்பும் பிசினும் குழைத்த பசையையோ அச்சில் தொட்டு ஒற்றிப் பூவை மூடிவிட்டு, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். வெளியே எடுக்கும்போது துணி பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டுக் கண்ணெதிரே நீலமாகும். மெழுகு என்றால் தொட்டி சூடாக இருக்கக் கூடாது, உருகிவிடும்.

சிவப்பும் அச்சில் இல்லை! அச்சு வைப்பது படிகாரம், சாயத்தைத் துணியில் பிடிக்கவைப்பது அது. வேர்ச்சாயத்தில் கொதித்த பிறகே அந்த இடம் சிவக்கும். கொதிக்கு முன் நன்றாக அலசாவிட்டால், ஒட்டாத படிகாரம் பரவி வெள்ளையெல்லாம் ரோஸாகும். கட்டையின் செதுக்கலைப் பார்த்து மயங்குகிற நாம் இதை ஏன் கேட்பதே இல்லை?

கறுப்பில்தான் கவனம் வேண்டும். பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் 2, 3 வாரம் புளிக்கவைத்த காடி அது. உங்கள் புளியங்கொட்டை மாவு அதைக் கெட்டியாக்க. நீர்க்க இருந்தால் கோடு கசியும். துணியில் முதலில் கடுக்காய் ஏற வேண்டும், கிலோவுக்கு 200 கிராம் தூள். அது இல்லாமல் இரும்பு வைத்தால் துருநிறம்தான் வரும். காடி அதிகமானாலோ, அலசல் போதாவிட்டாலோ இரும்பு நூலை அரிக்கும். பழந்துணிகளில் சிவப்புப் பூ முழுசாக இருக்க, அதைச் சுற்றிய கறுப்புக் கோடு மட்டும் இற்றுக் கிழிந்திருப்பது அதனால்தான். ஒரு கோட்டுக்காகத் துணியே போகிறது, தம்பி.

காடாவை அப்படியே அச்சடிக்க உட்கார்ந்துவிடாதீர்கள். சலவைச் சோடா போட்டுக் காய்ச்சிக் கஞ்சியையும் பிசுக்கையும் எடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு நிற்காமல் உடனே உறிஞ்ச வேண்டும். சிவப்பை இரும்புச் சட்டியில் காய்ச்சாதீர்கள், கருத்துப்போகும். போர் தண்ணீரில் துருவாடை அடித்தால் அதுவும் வேண்டாம். சுண்ணாம்புச் சத்துள்ள கடினத் தண்ணீர் சிவப்புக்கு நல்லது.

முதலில் கைக்குட்டை அளவு வெட்டிச் செய்யுங்கள். எடுத்து வைத்த காடா முழுவதையும் ஒரே நாளில் முக்க வேண்டாம்.