இரவு பேஸ்பால் ஆட்டத்துக்கு எஃப்/2.8 லென்ஸ் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மகன் பேஸ்பால் ஆடுகிறான். ஃபுல் ஃப்ரேம் கேமராவும் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸும் வைத்திருக்கிறேன். லென்ஸின் மேல் எஃப்/4.5-5.6 என்று போட்டிருக்கிறது. பகலில் படங்கள் நன்றாக வருகின்றன. இரவில் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் மட்டை, கை எல்லாம் கலங்கிவிடுகிறது. 70-200 எஃப்/2.8 வாங்கச் சொல்கிறார்கள். விலையோ பல மடங்கு. வாங்கலாமா? வாங்கினால் எப்போதும் 2.8-லேயே வைத்து எடுக்க வேண்டுமா?

பதில்: இரவு ஆட்டங்கள் அடிக்கடி இருந்தால் வாங்குங்கள். எப்போதாவது ஒன்று என்றால் வேண்டாம்.

எஃப் எண் என்பது லென்ஸ் திறப்பின் (அப்பர்ச்சர்) அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம். ஐஎஸ்ஓ என்பது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பதன் எண். நல்ல வெயிலில் எஃப்/5.6, ஐஎஸ்ஓ 400 வைத்தாலே ஷட்டர் வேகம் 1/3200 நொடி கிடைத்துவிடும். மட்டையில் பந்து படும் கணத்தை உறைய வைக்க 1/2000 போதும். ஆகவே பகல் வெளிச்சத்துக்கு உங்கள் லென்ஸே தாராளம்.

இரவுக் கணக்கு வேறு. உங்கள் லென்ஸில் 4.5 என்பது 70 பக்கம் மட்டும்தான். 300 வரை இழுத்தால் 5.6 ஆகி வெளிச்சம் குறைந்துவிடும். கடையில் பெட்டியைப் பார்க்கும்போது பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எஃப்/2.8 லென்ஸ் அந்த 5.6-ஐப்போல் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 3200-இல் 2.8 லென்ஸுக்கு 1/1000 கிடைக்கும் மைதானத்தில், உங்களுக்கு 1/250-தான் கிடைக்கும். கை கலங்குவதற்குக் காரணம் அதுதான். பணம் கட்டுமுன் ஒரு ஆட்டம் முழுக்க ஐஎஸ்ஓ 12800 வைத்து, 1/1000-இல் எடுத்துப் பாருங்கள். படத்தில் புள்ளிகள் தெரியும். இன்றைய மென்பொருள்கள் அவற்றைப் பெருமளவு நீக்கிவிடும். வீட்டு ஆல்பத்துக்கு அது போதும் என்று தோன்றினால் செலவே இல்லை.

வாங்கியபின் எப்போதும் 2.8-லேயே வைக்க வேண்டியதில்லை. 20 மீட்டர் தூரத்தில் நிற்பவரை 200-இல், 2.8 வைத்து எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 1.7 மீட்டர்தான். மட்டை பிடிக்கும் பேட்டர் தனியாக, பந்து வீசும் பிட்சர் தனியாக என்றால் அதுவே அழகு. பின்னால் இருக்கும் வேலி, நாற்காலி, கார் எல்லாம் கரைந்துபோகும். ஆனால் ஒருவன் ஓடித் தொட வேண்டிய இடமான பேஸை நோக்கிச் சறுக்கி வர, இன்னொருவன் குனிந்து தொட்டு அவுட் ஆக்கும் காட்சியில் இரண்டு முகமும் வேண்டும். வெளிச்சம் இருந்தால் 4 அல்லது 5.6-க்கு மாறிவிடுங்கள். என்னைக் கேட்டால் பகலில் 4-தான் நல்ல இடம்: ஃபோகஸ் சற்றுப் பிசகினாலும் படம் பிழைக்கும், பின்னணியும் போதுமான அளவு மங்கும்.

பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வலைக்கு வெளியே நின்று எடுப்பீர்களானால் மட்டும் பகலிலும் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்துவிடுங்கள். லென்ஸை வலைக்கு வெகு அருகில் கொண்டுபோனால் கம்பிகள் படத்தில் காணாமல் போகும். எஃப்/8 வைத்தால் அவை சாம்பல் பட்டைகளாகத் தெரியத் தொடங்கும்.

இழப்பும் உண்டு. 300 எட்டிய தூரத்தை 200 எட்டாது. மைதானத்தின் தொலைவான பகுதியான அவுட்ஃபீல்டில் ஆடும் பையன் சிறிதாகவே தெரிவான். லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே போட்டு எட்டும் தூரத்தைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் போட்டால் 280 எஃப்/4 ஆகும். அப்போதும் உங்கள் பழைய லென்ஸைவிட இரு மடங்கு வெளிச்சம். வாங்கப்போகும் 70-200 லென்ஸோடு அது பொருந்துமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பிறர் பயன்படுத்திய 2.8 லென்ஸை வாங்குவதானால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். பிறகு 200-இல், 2.8-இல், நகரும் ஆளை எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். விற்பவர் அசையாத சுவரை எடுத்துக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாடகைக்குக் கிடைத்தால் ஓர் இரவு ஆட்டத்துக்கு எடுத்துப் பார்ப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

கேள்வி: 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் விலை குறைவாக இருக்கிறதே, அது ஆகாதா?

பதில்: சிறுவர் மைதானத்தில் ஆகும். லிட்டில் லீக் எனப்படும் சிறுவர் பேஸ்பால் மைதானத்தில் பேஸ்களுக்கு இடையே சுமார் 18 மீட்டர்தான். பெரியவர்களுக்கு 27 மீட்டர். முதல் பேஸ் பக்கம் வேலியோரம் நிற்க இடம் கிடைத்தால் பேட்டரையும் ஓடி வருபவரையும் எடுக்கலாம், கொஞ்சம் வெட்டிப் பெரிதாக்க வேண்டியிருக்கும். வெளிச்சமோ 2.8-ஐவிட இரு மடங்குக்கும் மேல். மகன் அவுட்ஃபீல்டில் ஆடுபவனாக இருந்தால் மட்டும் இதைத் தொடாதீர்கள்.