பேசிக்மெட் இருக்கிறதென்று எஃப்.ஏ.ஏ. கடிதத்தை ஒதுக்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கும் தனியார் விமானி நான். சென்ற ஆண்டு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழுக்குப் போனபோது, பரிசோதித்த மருத்துவர் என்னைக் குற்றவாளிபோல விசாரித்து, முடிவெடுக்காமல் கோப்பை அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வுக்கு அனுப்பிவிட்டார். ஆஞ்சியோகிராம் அறிக்கை, டிரெட்மில் சோதனை கேட்டு இப்போது கடிதம் வந்திருக்கிறது. என் இதய மருத்துவரோ, பறக்கத் தடையில்லை என்கிறார். கடிதத்தை விட்டுவிட்டு, எஃப்.ஏ.ஏ. மருத்துவச் சான்றிதழ் இல்லாமலே சாதாரண மருத்துவரின் பரிசோதனையோடு பறக்க இடம்தரும் பேசிக்மெட்டில் பறக்கலாமா?

பதில்: கூடாது. மருத்துவர் நடந்துகொண்ட விதமும் உங்கள் இதய மருத்துவரின் நற்சான்றும் இந்தக் கேள்வியைத் தீர்ப்பவை அல்ல. சிகிச்சை தேவைப்பட்ட இதயத் தமனி நோய் உள்ளவர், அதற்காக ஒருமுறையேனும் சிறப்பு அனுமதி (வழக்கமான மருத்துவத் தரத்துக்குள் வராதவருக்கு எஃப்.ஏ.ஏ. தனியாகத் தரும் சான்று) பெற்ற பிறகே பேசிக்மெட்டுக்கு வர முடியும் என்று எஃப்.ஏ.ஏ. விதித்தொகுப்பின் 68ஆம் பகுதி விதிகள் சொல்கின்றன; ஸ்டென்ட் அந்த வரையறைக்குள் வருகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து அந்தக் கடிதத்தில் இருக்கிறது. பதில் போடாவிட்டால் விண்ணப்பம் தானாகக் காலாவதியாகிவிடும் என்று நம்பி இருந்துவிடுகிறார்கள். ஆனால் கேட்ட ஆவணங்களைத் தராததையே காரணமாக்கி எஃப்.ஏ.ஏ. விண்ணப்பத்தை மறுக்கலாம். கடைசி விண்ணப்பம் மறுக்கப்பட்டவருக்குப் பேசிக்மெட் மட்டுமல்ல, ஓட்டுநர் உரிமத்தை மட்டும் வைத்து ஸ்போர்ட் விமானியாகச் சிறிய விமானங்களில் பறக்கும் வழியும் அடைபட்டுவிடும். பரிசோதகர் உங்கள் விண்ணப்பத்தைக் கணினியில் திறந்துவிட்டதால், இனி அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் வழியில்லை.

மறுத்தால் வழக்காடலாம் என்று நினைக்காதீர்கள். இறுதி மறுப்பை எதிர்த்து 60 நாட்களுக்குள் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்திடம் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் வாரியம் பார்ப்பது நீங்கள் 67ஆம் பகுதியின் மருத்துவத் தரத்துக்குள் வருகிறீர்களா என்பதை மட்டுமே, சிகிச்சை பெற்ற தமனி நோயோ அங்கே பெயர் சொல்லியே தகுதியின்மை ஆக்கப்பட்டிருக்கிறது. சிறப்பு அனுமதி எஃப்.ஏ.ஏ.வின் விருப்புரிமை, அதைத் தரச்சொல்லி வாரியம் உத்தரவிடாது. தோற்பது உறுதியான வழக்குக்கு வக்கீல் கட்டணம் கட்டாதீர்கள், பணிந்து போங்கள்.

கடிதத்தில் சொன்ன கெடு முடியும் முன் எழுத்து மூலம் அவகாசம் கேட்டு, எல்லா ஆவணங்களையும் ஒரே உறையில் அனுப்புங்கள். எதையும் மறைக்காதீர்கள், பொய்த் தகவல் தந்தால் உரிமமே பறிபோவதோடு, 5 ஆண்டுச் சிறையும் 2,50,000 டாலர் அபராதமும் வரை போகக்கூடும். அதுவரை, பொறுப்பு விமானியாகத் தகுதியுள்ள பயிற்றுநர் உடன் இருந்தால் மட்டும் பறக்கலாம்.

சிறப்பு அனுமதி கிடைத்ததும், அதை இயல்பாகக் காலாவதியாக விட்டுப் பேசிக்மெட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். இடையில் கேட்கப்படும் தொடர் அறிக்கைகளைத் தராமல் விட்டு, எஃப்.ஏ.ஏ. அதை விலக்கிக்கொள்ள இடம் கொடுத்தால், காலாவதியானால் பேசிக்மெட்டுக்கு மாறலாம் என்ற சலுகை அந்த விலக்கலுக்குக் கிடைக்காது.