டாம்கேட் 9-லிருந்து 10-க்கு மாறியதும் 404 வருவது ஏன்?

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு எழுதிய ஸ்டாக் அப்ளிகேஷன் டாம்கேட் 9-ல் (ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வர்) நன்றாக ஓடியது, 10-ல் போட்டால் டாம்கேட்டின் முகப்பு வருகிறது, நம்முடையது மட்டும் 404, அதாவது பக்கம் கிடைக்கவில்லை, என்கிறீர்கள். முகப்பு வருகிறதென்றால் போர்ட்டில் கோளாறு இல்லைங்க, போர்ட் செட்டிங் இருக்கும் சர்வர்.எக்ஸ்எம்எல்லை நோண்ட வேண்டாம்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட் என்ற பேக்கேஜ் பெயர் டாம்கேட் 10-ல் ஜகார்த்தா.சர்வ்லெட் ஆகிவிட்டது. பழைய பெயரில் கம்பைல் ஆன சர்வ்லெட்டை (பிரவுசர் கேட்பதற்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) வெப்.எக்ஸ்எம்எல்லில் குறிப்பிடாமல், கோடிலேயே எழுதும் அனோட்டேஷன் குறிப்பை மட்டும் நம்பி விட்டிருந்தால் டாம்கேட் கண்டுகொள்ளவே செய்யாது, எரர் கூட வராது, வெறும் 404. அப்ளிகேஷனின் செட்டிங் ஃபைலான வெப்.எக்ஸ்எம்எல்லில் பழைய லிசனர் (அப்ளிகேஷன் தொடங்கும்போது ஓடும் கிளாஸ்) இருந்தாலோ அப்ளிகேஷனே எழும்பாது. கேட்டலினா லாக்கில் லிசனர் தொடங்கவில்லை என்று ஒரு வரிதான் இருக்கும், முழுக் காரணம் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆரம்பிக்கும் இன்னொரு லாக்கில் கிடக்கும். அதைத்தான் யாரும் திறப்பதில்லை.

சரி, அவசரத்துக்கு ஒரு வழி. வெப்ஆப்ஸ் ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, வார் ஃபைலை (அப்ளிகேஷன் முழுவதையும் கட்டிய ஒரே ஃபைல்) அதில் போடுங்கள், டாம்கேட்டே பெயர்களை மாற்றி வெப்ஆப்ஸில் வைத்துக்கொள்ளும். ஸ்ப்ரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கின் 5-ல் எழுதியதென்றால், அது பழைய பெயரையே நம்பியிருப்பதால், நான் டாம்கேட் 9-லேயே விட்டுவிடுவேன். ஸ்ப்ரிங் 6-க்குப் போக ஜாவா 17 வேண்டும், ஷிப்மென்ட் நெருக்கடியில் அதையெல்லாம் தொடாதீர்கள்.