ஒலிநூல் வாங்கும் முன்: போர் வரலாறும் அறிவியல் புனைகதையும்

கேள்வி: சீனன்குடாவில் இருந்து எழுதுகிறேன். இரண்டாம் உலகப் போர் பற்றிய நூல்கள் என்றால் எனக்கு உயிர். ஒலிநூல் விற்கும் ஆடிபிள் தளத்தில் மாதச் சந்தா கட்டி, ரஷ்யப் போர்முனை பற்றிய 30 மணிநேர ஒலிநூல் ஒன்றை எடுத்தேன். மூன்று மணிநேரத்துக்கு மேல் ஓடவில்லை. எந்தப் படை எங்கே நிற்கிறது என்றே பிடிபடவில்லை. ஆங்கிலம் எனக்குப் பிரச்சினை இல்லை. நான் கேட்கும் முறை பிழையா, நூல் பிழையா?

பதில்: உங்கள் காதில் குறை ஒன்றுமில்லை. பெரிய தரைப்போர்களின் வரலாறு வரைபடத்தை நம்பி எழுதப்படுவது. அச்சுநூல் என்றால் படம் உள்ள பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு படிக்கலாம். ஒலிநூலில் படைப்பிரிவின் எண்ணும் ஆற்றின் பெயரும் ஒரே மூச்சில் வந்து போய்விடும், திரும்பிப் பார்க்க இடமில்லை. சில பதிப்பகங்கள் வரைபடங்களைத் தனி பிடிஎஃப் கோப்பாகச் சேர்த்துத் தருகின்றன. வாங்கும் பக்கத்தில் அந்தக் குறிப்பு இல்லையென்றால், அப்படிப்பட்ட நூலை அச்சிலேயே வாங்குங்கள். இது என் உறுதியான கருத்து.

காசு கொடுத்துக் கேட்கத் தகுந்த போர் வரலாறு வேறு வகை. ஒரு வீரனையோ ஒரு கப்பலையோ ஒரு சிறு படையையோ கடைசிவரை பின்தொடரும் நூல்கள் காதில் நன்றாக நிற்கும். கடற்போர் இன்னும் எளிது. கப்பலுக்குப் பெயர் உண்டு, கப்டனுக்குப் பெயர் உண்டு, நடுவில் இருப்பது வெறும் கடல்.

முதலில் உங்களுக்குத் தெரிந்த நிலத்தில் நடந்த போரை எடுத்துப் பாருங்கள். 1942 ஏப்ரல் 9 காலை ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் நம் திருகோணமலைத் துறைமுகத்தையும் உங்கள் ஊர் விமானத்தளத்தையும் தாக்கின. தாக்குதல் வரும் என்று எச்சரிக்கை கிடைத்ததால் பிரித்தானியர் முதல்நாள் இரவே கப்பல்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்று ஹெர்மீஸ். விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்று அதில் ஒரு போர் விமானமும் இல்லை. தெற்கே போன அதை மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். கூடப் போன வாம்பயர் என்ற நாசகாரிக் கப்பலும் மூழ்கியது. இந்தத் தாக்குதல் வரும் நூலைத் திருகோணமலைக்காரர் கேட்கும்போது வரைபடமே தேவையில்லை, உட்துறைமுகம் எது, வெளியே போகும் வழி எது என்று மனமே காட்டிவிடும். 1782 செப்டெம்பரில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் இதே கடலில் மோதியதும் அப்படித்தான். இப்படிக் கேட்டுக் காது பழகியபிறகு தூரத்துப் போர்களுக்குப் போகலாம்.

இனிப் பணம். ஆடிபிள் அமேசானுக்குச் சொந்தமானது. இலங்கைக்கென்று தனித்தளம் இல்லை, அமெரிக்கத் தளத்தில் டொலரில் கட்டவேண்டும். மாதம் ஒரு கிரெடிட், அதாவது ஒரு நூல் எடுக்கும் உரிமை, தரும் திட்டம் நெடுநாளாக 14.95 டொலர். வங்கி சேர்க்கும் கட்டணம் அதற்கு மேலே. அந்தக் கிரெடிட்டை நீண்ட, விலை கூடிய நூலுக்கு மட்டும் செலவழியுங்கள். நான்கு மணிநேர நூலுக்குக் கிரெடிட் கொடுப்பது நட்டம், விற்பனை நாளில் அது சில டொலருக்கே கிடைக்கும். சந்தாவை நிறுத்துவதானால் மீதிக் கிரெடிட்டை முதலில் பாவித்துவிடுங்கள். நிறுத்தியதும் அவை போய்விடும், வாங்கிய நூல்கள் மட்டும் உங்கள் கணக்கில் இருக்கும். நீங்கள் பாதியில் விட்ட அந்த ரஷ்ய நூலை, சந்தா நடப்பில் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்து வேறொன்று எடுக்கக் கேட்கலாம். எல்லையில்லாமல் அனுமதிக்க மாட்டார்கள், ஆனால் இது நியாயமான காரணம். கேளுங்கள்.

எந்த நூலானாலும் மாதிரி ஒலியை முழுதாகக் கேட்காமல் வாங்க வேண்டாம். போர் நூலை வாசிப்பவர் அமைதியாக வாசிக்கவேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் குரலை உயர்த்துபவரோடு 15 மணிநேரம் இருக்க முடியாது. சாவு எண்ணிக்கையை வானிலை அறிக்கை போல வாசிப்பவரும் வேண்டாம்.

கேள்வி: கிண்ணியாவிலிருந்து ஒரு தாய். என் மகனுக்கு அறிவியல் புனைகதை என்றால் விருப்பம். ஆர்தர் சி. கிளார்க்கின் நாவல்கள் முழுதாக யூரியூபில் இலவசமாக இருக்கின்றன என்கிறான். கேட்க விடலாமா? சட்டப்படி இலவசமாக வேறு இருக்கிறதா?

பதில்: கிளார்க் 2008 மார்ச்சில் கொழும்பில் காலமானார். நம் நாட்டுச் சட்டத்தில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை உண்டு. அதாவது 2078 முடியும்வரை. யூரியூபில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை உரிமையில்லாமல் ஏற்றப்பட்டவை. கண்டுபிடிக்காமல் இருக்க வேகத்தையும் குரலின் தொனியையும் மாற்றியிருப்பார்கள். இயந்திரக் குரலில் வாசித்தவையும் ஏராளம். பிள்ளை பாதி கேட்டிருக்கும்போது காணொளி காணாமல் போய்விடும். வேண்டாம் என்பதே என் பதில்.

இந்த எழுத்தாளரை மட்டும் உங்கள் மகன் காசு கொடுத்துக் கேட்கட்டும் அம்மா. 1956 இல் இலங்கைக்குக் குடிவந்தவர் அவர். அதே ஆண்டு கோணேசர் மலையடியில் கடலுக்குள் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களையும் கற்களையும் பார்த்து உலகுக்குச் சொன்னார். 1979 இல் வந்த அவருடைய நாவல் ஒன்று இலங்கையின் சாயலில் ஒரு தீவை அமைத்து, அங்கிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டுகிறது. அறிவியல் கதை என்றால் வெள்ளைக்காரர் ஊரில்தான் நடக்கும் என்று நினைக்கும் நம் பிள்ளைகள் அதைக் கேட்கவேண்டும் என்பது என் ஆசை.

சட்டப்படி இலவசம் வேண்டுமென்றால் லிப்ரிவாக்ஸ் என்ற இணையத்தளம். 2005 முதல் தன்னார்வலர்கள் பதிப்புரிமை முடிந்த நூல்களை வாசித்து ஏற்றுகிறார்கள். எச். ஜி. வெல்ஸின் கால இயந்திரக் கதையும் (1895) செவ்வாய்க்காரர் படையெடுப்பும் (1898), ஜூல் வெர்னின் கடலடிப் பயணமும் அங்கே உண்டு. மேலே எழுதிய சீனன்குடா அன்பருக்கும் ஒரு சொல்: ரோமத் தளபதி சீசர் கோல் நாட்டில் (இன்றைய பிரான்ஸ்) நடத்திய போரின் குறிப்புகளும் சுன் சூவின் போர்க்கலையும் அங்கேயே கிடைக்கும். ஒரு குறை, அத்தியாயத்துக்கு அத்தியாயம் குரல் மாறும். ஒருவரே வாசித்த பதிப்பைத் தேடி எடுங்கள். எம்பி3 கோப்பு என்பதால் பென் டிரைவில் போட்டு வான் வண்டியிலும் கேட்கலாம்.

கேள்வி: ஒரே விண்வெளி நாவல் 6 மணிநேரம், 16 மணிநேரம், நாடக வடிவம் என்று மூன்றாக இருக்கிறது. எது? (மூதூர்)

பதில்: 16 மணிநேரம். ஆங்கில வாசிப்பு மணிக்கு ஏறத்தாழ 9,000 சொற்கள். 6 மணிநேரம் என்றால் பாதிக்கு மேல் வெட்டியிருக்கிறார்கள். அறிவியல் புனைகதையில் முதலில் வெட்டுப்படுவது அந்த உலகம் எப்படி இயங்குகிறது என்ற விளக்கம், அதற்காகத்தானே நாம் கேட்கிறோம்! நாடக வடிவம் தனி இன்பம், ஆனால் நூலைக் கேட்டபிறகு. வாசிப்பவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மெய்நிகர் குரல் (Virtual Voice) என்று போட்டிருந்தால் அது இயந்திரம். விலை குறைவாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

கேள்வி: இரவுக் கோச்சியில் கொழும்பு போகும்போது கேட்பேன். டேட்டா எவ்வளவு போகும்? (உப்புவெளி)

பதில்: வினாடிக்கு 64 கிலோபிட் ஒலித்தரத்தில் மணிக்கு சுமார் 29 மெகாபைட், 128 இல் அதன் இரட்டிப்பு. பேச்சுக்கு 64 போதும். 20 மணிநேர நூல் 600 மெகாபைட்டுக்குள் அடங்கும். வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு ஏறுங்கள், வழியில் சிக்னல் போனாலும் கதை நிற்காது.

கேள்வி: நகரில் ஒரு கடையில் வாங்கிய ப்ளூடூத் இயர்போன் இரண்டு வாரத்தில் ஒரு பக்கம் செத்துவிட்டது. ஆறு மாத வாரண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள், இப்போது மாற்றித்தர மறுக்கிறார்கள். (தம்பலகாமம்)

பதில்: பில்லையும் வாரண்டி அட்டையையும் எடுத்துக்கொண்டு இன்னொரு முறை போய், மறுப்பை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். பல இடங்களில் அதோடு விஷயம் முடிந்துவிடும். முடியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள். அப்புறம் முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள். பொருள் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேரவேண்டும், ஆகவே கடைக்காரர் "அடுத்த மாதம் வாங்க" என்று இழுத்தால் காத்திருக்க வேண்டாம்.