வீட்டுக் கடனும் 420-ம்: வாசகர் கேள்விகள்

வில்லியனூர் வாசகர்: கடை படுத்துவிட்டது. வீட்டுக் கடனில் நாலைந்து தவணை பாக்கி. '420 போடுவேன்' என்கிறார் மேலாளர். போட முடியுமா?

420 என்பது மோசடிக்கான பிரிவு. பாக்கி வைப்பது மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. போலிச் சம்பளச் சீட்டு கொடுத்து வாங்கிய கடன் என்றால் கதை வேறு. அதைப் பற்றி நீங்கள் மூச்சே விடவில்லை.

மஞ்சக்குப்பம் வாசகர்: கடன் 2022-இல் வாங்கியது. புகார் இப்போதுதான் வருகிறது. எந்தச் சட்டம்?

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420 தான். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றத்துக்கே பாரதிய நியாய சன்ஹிதா 318(4).

பண்ருட்டி வாசகர்: அப்பா சொத்து, பாகம் பிரிக்கவில்லை. என் பெயரில் யாரோ கையெழுத்துப் போட்ட பவரை வைத்து அண்ணன் நிலத்தை வங்கியில் அடமானம் வைத்துவிட்டார். போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். வங்கி வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. காத்திருக்கலாமா?

எதற்குக் காத்திருக்க? எஃப்.ஐ.ஆர். என்பது ஸ்டே ஆர்டர் இல்லை. எத்தனை தடவை எழுதினாலும் மாதம் ஒருவராவது இப்படி ஸ்டேஷன் வாசலில் நாளைத் தொலைத்துவிட்டு வருகிறார். நோட்டீஸ் என்ன தேதி? எழுதவில்லை. எந்தப் பிரிவு? அதுவும் இல்லை. வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) என்றால், பணம் கட்ட 60 நாள் கெடு. 13(4)-இன் கீழ் சுவாதீனம் எடுத்துவிட்டார்கள் என்றால், கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக உங்களுக்கு 45 நாள்தான். கடன் வாங்காதவரும் போகலாம்.

பத்திரம் செல்லாது, பாகம் என்னுடையது என்பதைத் தீர்ப்பாயம் முடிவு செய்யாது. அதற்கு சிவில் கோர்ட். கிட்டத்தட்ட உங்களைப் போலவே பாகம் பிரியாத குடும்பச் சொத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025-இல் அந்த வழியைத் திறந்தே வைத்தது.

கிரிமினல் கேஸிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆள்மாறாட்டப் பவரை வைத்து அடமானம் எழுதிய வழக்கொன்றில், போலி ஆவணத்தை உண்டாக்கியவர் மீதுதான் ஃபோர்ஜரி நிற்கும், ஆதாயம் அடைந்தார் என்பது மட்டும் போதாது என்று 2018-இல் தீர்ப்பு. அங்கே கையெழுத்துப் போட்ட ஆள் கடைசிவரை சிக்கவில்லை. ஆகவே பவர் பத்திரத்துக்கு நகல் போடுங்கள். உங்கள் பெயருக்கு நேரே ஒட்டியிருக்கும் போட்டோ யாருடையது, சாட்சிகள் யார் என்று பாருங்கள். அப்படியே வில்லங்கமும் போட்டுவிடுங்கள்.

முத்தியால்பேட்டை வழக்கறிஞர்: வங்கிக்கு நான் கொடுத்த லீகல் ஒப்பீனியன் தவறாகிவிட்டது. என்னையும் சேர்ப்பார்களா?

சேர்க்கலாம்; நிற்காது. சதியில் உங்கள் பங்கு நிரூபிக்கப்பட வேண்டும், கவனக்குறைவு மட்டும் குற்றமில்லை என்று 2012-இல் வீட்டுக் கடன் வழக்கு ஒன்றிலேயே தீர்ப்பு. பார் கவுன்சில் உங்களைக் கேட்கலாம், அது தனி.

நெல்லிக்குப்பம் வாசகர்: ஓ.டி.எஸ். (வங்கியோடு பேசி ஒரே தடவையில் கணக்கை முடிப்பது) கட்டி முடித்தாயிற்று. சி.பி.ஐ. வழக்கு தானாகப் போய்விடுமா?

தானாகப் போகாது. உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய வேண்டும். போலி ஆவணம் இருந்தால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள்.

திருப்பாப்புலியூர் வாசகர்: நண்பருக்கு ஜாமீன் போட்டேன். ஜெயிலா?

போலி ஆவணத்தில் உங்கள் கை இல்லையென்றால் ஜெயில் இல்லை. பணம் கட்ட வேண்டியிருக்கும், முழுசாக.

கடலூர் முதுநகர் வாசகருக்கு: நீங்கள் அனுப்பிய ஜெராக்ஸில் சொத்து ஷெட்யூல் பக்கமே இல்லை. முழுப் பத்திரத்தையும் அனுப்புங்கள், நோட்டீஸ் வந்த கவரோடு.