தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் மாறுகிறது?

விமானங்களுக்குப் பாதையும் எரிபொருளும் கணக்குப் போட்டுத் தருவது என் வேலை. வந்த கேள்விகளில் சில:

கேள்வி: சார், சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் பறந்தால் மூன்றரை மணி நேரம்கூட ஆகாது. டிக்கெட்டில் நாலு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறதே?

பதில்: வகுத்தது சரிதான். ஆனால் டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. சென்னையில் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுப்பதிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் மறுபடி கட்டை வைப்பது வரை எல்லாம் சேர்த்தி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், முன்னால் நிற்கும் விமானங்களுக்குக் காத்திருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. அப்புறம், கம்பெனிகள் கொஞ்சம் கூட்டியே போடுவார்கள். தாமதமாகக் கிளம்பியும் 'சரியான நேரத்துக்கு வந்துவிட்டோம்' என்று அறிவிக்கலாமே!

கேள்வி: பையனைப் பார்க்க முதல் தடவை சிங்கப்பூர் போகிறேன். ராத்திரி 11 மணிக்குக் கிளம்பி காலை 5.45க்கு இறங்கும் என்று இருக்கிறது. ஆறே முக்கால் மணி நேரமா உட்கார வேண்டும்?

பதில்: இல்லையம்மா. 5.45 என்பது சிங்கப்பூர்க் கடிகாரம். அது நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். கழித்தால் நாலே கால்தான்.

கேள்வி: சென்னையிலிருந்து லண்டன் போக ஏறக்குறைய 11 மணி நேரம், வர 10. பூமி சுற்றுவதாலா?

பதில்: பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பூமி சுற்றும்போது காற்றும் கூடவே சுற்றுகிறது, அதனால் நேரடி லாபம் கிடையாது. விஷயம் ஜெட் காற்று. பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும், குளிர்காலத்தில் சில நாள் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். வரும்போது முதுகில் தள்ளும், போகும்போது முகத்தில் மோதும்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் டெல்லி – சான்ஃபிரான்சிஸ்கோ. ஏர் இந்தியா முதலில் மேற்கே அட்லாண்டிக் வழியாகப் போனது, சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில், காற்று முதுகில் தள்ளும்படி, கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பினார்கள், சுமார் 15,300 கி.மீ. ஆயிரத்துச் சொச்சம் கி.மீ. கூடியும், பதினான்கரை மணி நேரத்தில் இறங்கியது. பழைய வழியைவிட சுமார் 2 மணி நேரம் மிச்சம்!

கேள்வி: சீட் முன்னாலுள்ள திரையில் பாதை வளைந்து தெரிகிறதே, நேராகப் போகக் கூடாதா?

பதில்: ஒரு உலக உருண்டையில் சென்னைக்கும் லண்டனுக்கும் நூலை இழுத்துப் பிடியுங்கள். காஸ்பியன் கடல், உக்ரைன் மேலாகப் போகும். அதுதான் நேர்வழி, சுமார் 8,200 கி.மீ. தட்டையான படத்தில்தான் வளைவு. ஆனால் 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடல். நூல் காட்டும் வழியை விட்டுத் தெற்கே சுற்றித்தான் போகிறோம்.

கேள்வி: லேட்டாகக் கிளம்பினால் பைலட் வேகமாக ஓட்டி ஈடுகட்ட முடியாதா?

பதில்: சிங்கப்பூர் தூரத்துக்கு மிஞ்சிப்போனால் பத்து நிமிடம். அதற்கு எரியும் எண்ணெயின் விலையைப் பார்த்ததும் கம்பெனி 'பரவாயில்லை, மெதுவாகவே வா' என்றுவிடும்.