இரண்டாம் நிலை வகுப்புக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 25. பெண்களிடம் பேச ரொம்பவே தயக்கம். ஒரு டேட்டிங் கோச்சிடம் ஆன்லைனில் முதல் நிலை வகுப்பு முடித்தேன். அவர் சொல்லித் தந்தபடி அலுவலகத்தில் ஒரு பெண்ணிடம், "டிரஸ் நல்லா இருக்கு, நேத்து இன்னும் ரெண்டு பேர் இதையேதான் போட்டிருந்தாங்க" என்றேன். அதிலிருந்து அவர் என்னிடம் பேசுவதில்லை. "அவள் உன்னைச் சோதிக்கிறாள், விடாதே" என்கிறார் கோச். இரண்டாம் நிலைக்குப் பணம் கட்டலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. அந்தப் பெண் உங்களைச் சோதிக்கவில்லை, சங்கடப்பட்டு ஒதுங்கியிருக்கிறார்.

நீங்கள் பேசிய வசனத்துக்கு 'நெகிங்' என்று பெயர். பாராட்டுவதுபோல ஆரம்பித்து லேசாக மட்டம் தட்டுவது. உங்கள் கோச்சின் கண்டுபிடிப்பு அல்ல, கால் நூற்றாண்டுக்கும் மேலான பழைய சரக்கு.

1980களின் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ராஸ் ஜெஃப்ரிஸ் என்பவர், பெண்களைப் பேச்சிலேயே மயக்கலாம் என்று பாடம் விற்கத் தொடங்கினார். அவர் கையிலெடுத்தது என்.எல்.பி. வார்த்தைகளைக் கோக்கிற விதத்தில் எதிராளியின் மனதைத் திருப்பலாம் என்று 1970களில் கலிஃபோர்னியாவில் கிளம்பிய முறை அது. ஹிப்னாடிச வாசனை தூக்கலாக இருக்கும், ஆய்வுகளில் தேறவில்லை. 1994இல் அவருடைய சீடர் லூயிஸ் டி பெய்ன், இணையத்தின் ஆரம்பகால விவாத மேடையான யூஸ்நெட்டில் ஒரு குழு தொடங்கினார். யாரிடம் போய்ப் பேசினோம், என்ன நடந்தது என்று ஆண்கள் அதில் அறிக்கை எழுதினார்கள். பிறகு வந்தவர் டொரான்டோவைச் சேர்ந்த மேஜிக் கலைஞர் எரிக் வான் மார்கோவிக், புனைபெயர் 'மிஸ்டரி'. பிடித்த பெண்ணைக் கண்டுகொள்ளாததுபோல முதலில் அவள் தோழிகளிடம் பேசு, நெகிங்கால் அவளைச் சீண்டு, கண்ணைப் பறிக்கிற உடையில் போ என்று படிப்படியாக வகுத்தவர் அவர்தான். அந்த அகராதியில் அவளுக்குப் பெயர் 'டார்கெட்'. தோழிகள் 'தடைகள்'. 2005இல் பத்திரிகையாளர் நீல் ஸ்ட்ராஸ் எழுதிய 'தி கேம்' இதையெல்லாம் ஊரறியச் செய்தது.

ஹிப்னாடிசமோ மேஜிக்கோ, எதிரே இருப்பவருக்குச் சூட்சுமம் தெரியாத வரைதான் வித்தை. தினமும் முகம் பார்த்து வேலை செய்கிற இடத்தில் அது எத்தனை நாள் ஓடும்?

'சிலருக்குப் பலித்திருக்கிறதே' என்பீர்கள். சரி, பலித்ததுபோல இருக்கும். வீட்டோடு அடைந்து கிடந்த ஒருவர் வாரம் இருபது பேரிடம் பேசினால் கூச்சம் தன்னால் குறையும். பெயரை வசனம் தட்டிக்கொண்டு போய்விடும். பலிக்காவிட்டால் குறை உங்களிடம், ஆகவே அடுத்த நிலை வகுப்பு. உங்களுக்குத் தன்னம்பிக்கை வந்துவிட்டால் கோச்சுக்கு வாடிக்கையாளர் போய்விடுவார் என்பதையும் கவனியுங்கள்.

ஏமாந்தவர்களின் கசப்பும் ஒரு பக்கம் திரண்டது. இந்தக் கோச்சுகளைத் திட்டுவதற்கென்றே ஒரு தளம் இருந்தது. போகப்போக அங்கே பெண்கள் மீதான வெறுப்பும் மண்டியது. 2014 மே மாதம் கலிஃபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் ஆறு பேரைக் கொன்ற இளைஞன் அங்கே எழுதிவந்தவன். அதே ஆண்டு நவம்பரில் ஜூலியன் பிளாங்க் என்ற டேட்டிங் கோச்சின் விசாவை ஆஸ்திரேலியா ரத்து செய்தது. பிரிட்டனும் அவரை உள்ளே விடவில்லை. 'ஆல்ஃபா' (எல்லாரையும் அடக்கி ஆளும் ஆண்), 'ரெட் பில்' (பெண்களைப் பற்றிய 'உண்மை' புரிந்துவிட்டது என்ற நினைப்பு) என்று இன்றைய வீடியோக்களில் கேட்பதெல்லாம் இந்த வட்டாரத்துச் சொற்கள்தான்.

'விடாதே' என்ற அறிவுரைதான் எனக்குக் கவலை தருகிறது. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் மறுபடி மறுபடி பின்தொடர்ந்து தொடர்புகொண்டால் அது பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவின்படி குற்றம். முதல்முறையே மூன்று ஆண்டு வரை சிறை. அலுவலகத்தில் புகார் போனால் வேலைக்கும் ஆபத்து.

அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு முறை, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு, மன்னிச்சிடுங்க" என்று சொல்லுங்கள். பதிலுக்குக் காத்து நிற்காதீர்கள். அப்புறம் வேலை விஷயம் மட்டும் பேசுங்கள்.

தயக்கத்துக்கு வேறு வழி இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர், டீக்கடைக்காரர், லிஃப்டில் வரும் பெரியவர் என்று எந்தக் காரியமும் இல்லாமல் தினம் இரண்டு பேரிடம் இரண்டு வார்த்தை பேசிப் பழகுங்கள். பேசும் முன்பே படபடத்து, மீட்டிங்குகளையே தவிர்க்கிற அளவுக்கு இருந்தால் அது சமூகப் பதற்றமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. மருத்துவ உளவியலாளரைப் பாருங்கள், அல்லது டெலி மானஸ் 14416 எண்ணுக்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.